பரிசோதனையும் பணியே: காவலர் உடல்நலம் குறித்துச் சில முன்மொழிவுகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைமைக் காவலராக இருந்து மறைந்த தம் தந்தையின் நினைவாகப் பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. ஆண்டுதோறும் காவலர் நலன் சார்ந்த ஒரு பொருளில் ஒருவர் பேச வேண்டும் என்பது அவர்கள் வைத்த ஏற்பாடு. இந்த ஆண்டு அந்த வாய்ப்பை எனக்கு அளித்ததற்கு நன்றி. நான் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்த்தவன். காக்கிச் சட்டையோடு வந்த நோயாளிகளில் பலரை நான் முதன்முதலாகப் பார்த்த இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, ஒரு சாதாரண நாளில், அளவு நாடாவும் ரத்த அழுத்தக் கருவியும் வைத்துக்கொண்டு யாராவது அவர்களைப் பார்த்திருக்க வேண்டும். கைநழுவிப் போகும் அந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காவலருக்கான உடல் பரிசோதனை டூட்டி அட்டவணையில் ஏற வேண்டும். லீவு போட்டுவிட்டுப் போய்ச் செய்துகொள்ளும் சொந்த வேலையாகவோ, எப்போதோ நடக்கும் முகாமில் வரிசையில் நின்று முடித்துக்கொள்ளும் சடங்காகவோ அது இருக்கும்வரை, யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவர்களைக் காப்பாற்றாது.

எப்போதும் பணியில்

செப்டம்பர் 6-ஆம் நாள் காவலர் நாளாகக் கடைப்பிடிக்கப்படும் என்று 2025-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 1859-ல் மதராஸ் மாவட்டக் காவல் சட்டம் பிறந்த நாள் அது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் வந்த 1861-ஆம் ஆண்டின் காவல் சட்டம், தன் 22-ஆம் பிரிவில், காவலர் ஒவ்வொருவரும் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்றது. ஆட்சியாளர்கள் அதைக் கட்டுப்பாட்டுக்காக எழுதினார்கள். ஒன்றரை நூற்றாண்டு கடந்த பிறகும் காவலரின் உடல் அந்த வரியைச் சுமந்துகொண்டிருக்கிறது.

இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதல்ல. மத்திய அரசின் காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்துக்காக ஹைதராபாத் நிர்வாகப் பணியாளர் கல்லூரி 2014-ல் ஓர் ஆய்வறிக்கை தந்தது. நாட்டின் காவல் நிலையப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறார்கள் என்று அது கண்டது. எங்கள் ஆட்கள் 11 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கிறார்கள் என்று நிலையப் பொறுப்பு அதிகாரிகளிலேயே 68 விழுக்காட்டினர் சொன்னார்கள். 2021-ல் தமிழ்நாடு அரசு இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார விடுப்பு வழங்க ஆணையிட்டது. மனமாரப் பாராட்ட வேண்டிய முடிவு. ஆனால் தேர்தல், திருவிழா, ஆர்ப்பாட்டம், தலைவர் வருகை என்று எது குறுக்கிட்டாலும் முதலில் பறிபோவது அந்த ஒருநாள்தான் என்பது காவலர் குடும்பங்களுக்குத் தெரியும்.

ஒரு பந்தோபஸ்து நாளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். காலை ஆறு மணிக்குச் சாலையோரம் ஆளை நிறுத்திவிடுகிறார்கள். பிரமுகர் வரப்போவது பதினொரு மணிக்கு. ஒதுங்க இடம் கிடையாது என்பதால் காவலர் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார். பத்து மணிக்கு வரும் பொட்டலம் வெயிலில் சூடேறிய லெமன் சாதம். இடையில் நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கூடவே கையில் கிடைத்த வடையோ பஜ்ஜியோ. மாலையில் நிலையத்துக்குத் திரும்பினால் நைட் ரவுண்ட்ஸ் காத்திருக்கிறது. இரவு பதினொரு மணிக்குத் திறந்திருப்பது பரோட்டா கடை மட்டும். மறுநாள் காலை ரோல் கால். இந்த வரிசையில் எந்த இடத்தில் அவர் மருத்துவரைப் பார்ப்பார்? எப்போது மாத்திரை போடுவார்? இரவு உணவுக்கு முன் போட வேண்டிய மாத்திரையை எழுதிக் கொடுக்கும் மருத்துவர், இரவு உணவு எத்தனை மணிக்கு என்று ஒரு காவலரிடம் கேட்டுவிட்டு எழுத வேண்டும்.

உள்ளே நடப்பது

நம் மண்ணின் நிலவரம் முதலில். சென்னையின் மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு; வயது வந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். தமிழ்நாட்டில் நீரிழிவின் அளவு 14.4 விழுக்காடு, தேசிய சராசரியான 11.4-ஐ விடக் கூடுதல். காவலரும் இந்த மக்களிலிருந்து வந்தவர்தான். பணியில் சேரும் நாளில் ஓட்டம், கயிறு, நீளம் தாண்டுதல் எல்லாவற்றிலும் தேறி வந்தவர். அந்த உடல்மேல் இருபது ஆண்டுகள் தூக்கக் குறைவையும் நேரம் கெட்ட உணவையும் ஏற்றினால், எல்லோருக்கும் வருவது இவருக்குச் சீக்கிரமே வருகிறது.

தூக்கத்தைத் தனியே சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,957 காவலர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2011-ல் வெளிவந்தது. 40 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு தூக்கக் கோளாறு இருப்பதற்கான அறிகுறி இருந்தது. மூன்றில் ஒருவருக்கு, உறக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டு மீளும் கோளாறு. ரத்த அழுத்தம் ஏறுவதற்கும் இதயத் துடிப்பு தடுமாறுவதற்கும் அது ஒரு காரணம். பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகுவதற்கும் அதுவே காரணம். நம் வீடுகளில் அதைக் குறட்டை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறோம். சட்டைக் காலர் 40 சென்டிமீட்டரைத் தாண்டியவர், குறட்டை விடுபவர், பகலில் அசந்து தூங்குபவர் என்றால் அவரை மேல்பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். இரவுப் பணியால் உடலின் நாள்முறை குலைவதையே, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் காரணங்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறு ஆய்வு செய்து உறுதியும் செய்தது.

இதயம் அடுத்தது. 1984 முதல் 2010 வரை அமெரிக்கக் காவலர்களிடையே நேர்ந்த 441 திடீர் இதய மரணங்களை ஆராய்ந்து 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. முரண்டு பிடிப்பவரை மடக்கும் நேரத்தில், வழக்கமான பணியைவிட 34 முதல் 69 மடங்கு வரை ஆபத்து கூடுகிறது. துரத்திப் பிடிக்கும்போது 32 முதல் 51 மடங்கு. உடற்பயிற்சியின்போது 20 மடங்குக்கு மேல். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதும், பிறகு நொடியில் பாய்வதுமாக அமைந்த வேலை இது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாத 48 வயதுக்காரரை முன்னேற்பாடு ஏதுமின்றிப் புத்தாக்கப் பயிற்சிக்கு அனுப்பி, மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வது எத்தகைய ஆபத்து என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது. பயிற்சிக்கு முன் ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு ஆள் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் போதும்.

எதைப் பார்க்க வேண்டும், எதை விட வேண்டும்

நல்ல பரிசோதனைக்கு நிறையப் பணம் வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறையை எடுத்துக்கொள்வோம். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் ஆகிய நான்கையும் கேட்டு மதிப்பெண் போடுவது அது. ஒரு ஸ்டேஷன் ரைட்டர்; வயது 45. அதற்கு 20. இடுப்பு 102 சென்டிமீட்டர், அதற்கு 20. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து எழுதுபவர், தனியாக உடற்பயிற்சியும் இல்லை, அதற்கு 30. தாயாருக்குச் சர்க்கரை; அதற்கு 10. மொத்தம் 80. அறுபதைத் தொட்டாலே அபாயம் அதிகம். ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவில்லை, ஊசி குத்தவில்லை. தையற்காரர் பயன்படுத்தும் நாடா ஒன்றும் நாலு கேள்விகளும்தான். இவருக்கு இனி ரத்தப் பரிசோதனை செய்வதில் அர்த்தம் இருக்கிறது.

அப்படிக் கண்டறிந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளில் நோயாளிகள் ஆனார்கள். உணவையும் நடையையும் தொடர்ந்து கவனித்து ஊக்கப்படுத்தப்பட்ட குழுவில் அது 39 விழுக்காடு. கண்டறிந்தது மட்டும் இதைச் சாதிக்கவில்லை. கண்டறிந்த பிறகு அவர்களைத் தொடர்ந்து கவனிக்க ஆள் இருந்தது.

ஆகவே அடிப்படைப் பட்டியல் சிறியது: ரத்த அழுத்தம், இடுப்பளவு, எடை, சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதம், சிறுநீரகச் செயல்பாடு, கண், பல். இதன்மேல் பணிக்கு ஏற்பச் சேர்க்க வேண்டியவை உண்டு. போக்குவரத்துக் காவலருக்குச் செவித்திறனும் நுரையீரல் கொள்ளளவும் கால் நரம்புச் சுருளும் பார்க்க வேண்டும். கைதி வழிக்காவலுக்குப் போகிறவர்களுக்கும் பாரக்குகளில் நெருக்கமாகத் தங்குபவர்களுக்கும் காசநோய்க் கேள்விகள் வேண்டும். விபத்தில் அடிபட்டவரைத் தூக்குகிறவரும், பிரேதத்தை இறக்குகிறவரும் பெரும்பாலும் காவலர்தான். அவர் கையில் கையுறை இருப்பதில்லை. மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. தொடக்க நாளிலும், ஒரு மாதத்திலும், ஆறு மாதத்திலும் என்று மூன்று தவணை. பயிற்சிப் பள்ளியில் இருக்கும்போதே அதைப் போட்டு முடித்துவிடலாம்.

பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் இரவுப் பணியின் துணையாக வந்துவிடுகிறது. தூக்கத்தை விரட்ட எளிய வழி அது என்று நினைக்கிறார்கள். டார்ச் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்ப்பதுதான் அதற்கான பரிசோதனை. திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களில் இந்த எளிய பார்வைச் சோதனை வாய்ப்புற்றுநோய் மரணத்தை 34 விழுக்காடு குறைத்ததாக 2005-ல் அறிவித்தது.

பெண் காவலர்களின் நிலையைத் தனியாகச் சொல்லாமல் நகர முடியாது. 1973-ல் ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள் என்று தமிழ்நாட்டில் தொடங்கிய பெண் காவல் இன்று துறையின் தூண். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. முதலமைச்சர் செல்லும் பாதைகளில் சாலையோரப் பாதுகாப்புக்குப் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்ற உத்தரவு வர 2021 ஆக வேண்டியிருந்தது. மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் நின்றதன் விளைவுகளை மருத்துவமனைகள் பார்த்திருக்கின்றன: திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று அது. அதோடு ரத்தசோகையையும், சொல்லாமல் மறைத்த அதிக ரத்தப்போக்கையும் பார்த்திருக்கின்றன. பெண் மருத்துவர் இருக்கும் தனி அறை, ரத்தசோகைப் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, கருப்பைவாய்ப் பரிசோதனை ஆகியவை அவர்களுக்கான பட்டியலில் கட்டாயம் இடம்பெற வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு 35 வயதிலும் 45 வயதிலும் தரமான பரிசோதனை நடக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

மனத்தையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். மனச்சோர்வை அறிய ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. குடிப்பழக்கத்தின் அளவை அறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகள் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாடு காவல்துறை நிறைவாழ்வுப் பயிற்சி தந்திருக்கிறது. அது தொடர வேண்டும். உதவி கேட்டு வரும் காவலர், கேட்டதற்காகவே துப்பாக்கியும் பொறுப்பும் பறிக்கப்பட்டு மூலையில் உட்கார வைக்கப்படுவார் என்றால், அடுத்தவர் வாயைத் திறக்க மாட்டார். ஆயுதத்தைச் சில நாள் வாங்கி வைப்பது பாதுகாப்புக்குத் தேவைப்படலாம். அதை மரியாதையோடும் தண்டனையின் சாயல் இல்லாமலும் செய்ய முடியும்.

எதை விட வேண்டும் என்பதும் முக்கியம். வில்சன், ஜங்னர் என்ற இருவர் 1968-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பரிசோதனைத் திட்டங்களுக்கான பத்து விதிகளை எழுதினார்கள். கண்டறியும் நோய்க்குச் சிகிச்சை இருக்க வேண்டும். கண்டறிந்தவரைக் கவனிக்க வசதி இருக்க வேண்டும். ஒருமுறையோடு முடியாமல் அது தொடர வேண்டும் என்பவை அவற்றில் சில. எழுபது எண்பது பரிசோதனைகளை ஒரே கட்டணத்தில் அடுக்கி விற்கும் தனியார் தொகுப்புகள் பல இந்த விதிகளுக்கு நிற்பதில்லை. அறிகுறி எதுவும் இல்லாத, அபாயமும் குறைந்த இளம் காவலருக்குப் புற்றுநோய்க் குறியீட்டுப் பரிசோதனையும் உடல் முழுவதற்குமான ஸ்கேனும் தேவையற்ற பயத்தைத்தான் தரும். அந்தப் பணத்தில் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் தரமான ரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்கலாம்.

ஏன் வருவதில்லை

இனி இந்த உரையின் மையத்துக்கு வருகிறேன். ஒரு மாவட்ட ஆயுதப்படை மைதானத்தில் நடந்த முகாமுக்கு நான் போயிருக்கிறேன். ஏற்பாடு பிரமாதம், ஷாமியானா, பேனர், பழச்சாறு எல்லாம் உண்டு. சில நாள் கழித்து, ரோல் கால் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகையில் முடிவுகளை ஒட்டியிருந்தார்கள். பெயர், எண், ரத்த அழுத்தம், சர்க்கரை. அளவு கூடியவர்களின் பெயரைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். ஒட்டியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோருக்கும் விரைவில் தெரியட்டும் என்று நினைத்தார். அடுத்த முகாமில் கூட்டம் பாதியாகிவிட்டது. ஏன் என்று ஒரு தலைமைக் காவலரைக் கேட்டேன். “ஐயா, பதவி உயர்வுப் பட்டியல் வர்ற நேரம். இப்பப் போய் சுகர்னு எழுதிட்டா, அன்ஃபிட்னு சொல்லிடுவாங்க” என்றார்.

அந்தப் பயம் நியாயமானது. பணிக்குத் தகுதியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பரிசோதனை ஒன்று. நோய் முற்றாமல் காக்கும் பரிசோதனை மற்றொன்று. இரண்டையும் ஒரே மேசையில், ஒரே கோப்பில் நடத்தினால் காவலர் முதலாவதைத்தான் பார்க்கிறார். முந்தைய நாளே மாத்திரை போட்டுக்கொண்டு வந்து அளவைக் குறைத்துக் காட்டுகிறார். அல்லது வருவதே இல்லை. காப்பதற்கான பரிசோதனையின் முடிவு காவலருக்கும் அவருடைய மருத்துவருக்கும் மட்டும் உரியது. உயர் அதிகாரிக்குத் தேவைப்படுவது தொகுப்புக் கணக்கு மட்டும்: இந்த நிலையத்தில் எத்தனை பேர் பரிசோதனை செய்தார்கள், எத்தனை பேர் சிகிச்சையில் தொடர்கிறார்கள். யார், எவர் என்ற விவரம் அவருக்கு வேண்டியதில்லை.

இரண்டாவது தடை நேரம்: பரிசோதனை கடமையாகக் கருதப்படாததால் அதற்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை. உயர் அதிகாரிகளுக்கு நிலை வேறு. இந்தியக் காவல் பணி அதிகாரிகளின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தைப் பாருங்கள். 40 வயதைக் கடந்தவர்கள் கடைசியாக மருத்துவப் பரிசோதனை செய்துகொண்ட நாளைக் குறித்து, அறிக்கையின் சுருக்கத்தையும் இணைக்க வேண்டும். அந்த ஏற்பாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: பரிசோதனை என்பது துறை சார்ந்த கடமை என்ற ஒப்புதல். அந்த ஒப்புதல் இரண்டாம் நிலைக் காவலர் வரை இறங்கி வர வேண்டும். அறிக்கையை மதிப்பீட்டோடு சேர்த்துக் கட்டும் பழக்கம் மட்டும் இறங்கி வர வேண்டாம்.

என்ன செய்யலாம்

ஒவ்வொரு காவலருக்கும் ஆண்டில் ஒரு நாள், அவர் பிறந்த மாதத்தில், டூட்டி அட்டவணையிலேயே ‘மருத்துவப் பரிசோதனை’ என்று எழுதப்பட வேண்டும். நீதிமன்றப் பணிக்கு ஆள் போடுவதுபோலவே இதற்கும் ஆள் போட வேண்டும்; நிலையத்தின் பொது நாட்குறிப்பான ஜி.டி.யில் புறப்பாடும் வருகையும் பதிவாக வேண்டும். பிறந்த மாதம் என்று வைத்தால் நிலையம் முழுவதும் ஒரே நாளில் காலியாகாது. முப்பது பேர் கொண்ட நிலையத்தில் மாதத்துக்கு இரண்டு மூன்று பேர்தான் போவார்கள். இதைத் தாங்க முடியாத நிலையம் எதுவும் இல்லை.

அளவு கூடியவருக்கு, ஒரு மாதத்துக்குள் இரண்டாவது சந்திப்பும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு சந்திப்பும் அதே வழியில் டூட்டியாக அமைய வேண்டும். மருந்துக்கு அவர் அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுவரும் வழியைக் காட்டிவிட்டது. காவலர் குடியிருப்பையும் காவல் நிலையத்தையும் அந்தச் சுற்றில் முறையாகச் சேர்த்துக்கொண்டால் போதும். காவலர் இருக்கும் நேரம் பார்த்து, மாலையிலோ இரவு எட்டு மணிக்கோ வர வேண்டியிருக்கும்; அதற்குத் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

காப்பீடு இருக்கிறதே என்று சொல்வார்கள். அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு மருத்துவமனையில் படுத்த பிறகு கைகொடுக்கிறது, அது வேண்டியதே. ஸ்டென்ட் வைக்கப் பணம் தரும் அரசு, அந்த ஸ்டென்ட் தேவைப்படாமல் செய்யும் மாத்திரைக்கும் அதை வாங்கப் போகும் அரை நாளுக்கும் வழி செய்ய வேண்டும்.

கடைசியாக, நோயை உண்டாக்கும் வேலைமுறையை அப்படியே வைத்துக்கொண்டு பரிசோதனை மட்டும் செய்வது போதாது. 2016-ல் மும்பை தேவ்னார் காவல் நிலையத்தில் எட்டு மணி நேரப் பணிமுறையைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த அட்டவணையை வகுத்துத் தந்தவர் ஒரு சாதாரணக் காவலர். அவர் சொன்னதை ஆணையர் காது கொடுத்துக் கேட்டார். பிறகு மற்ற நிலையங்களுக்கும் அது பரவியது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஒதுக்கிவைத்த ஒரு காரியத்துக்குக் கீழிருந்து வழி பிறந்தது. பரிசோதனை அட்டவணையையும் நம் ரைட்டர்களிடமே வகுக்கச் சொல்லுங்கள். எந்த நாளில் யாரை விடுவிக்கலாம் என்பது அவர்களைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

இந்த அவையில் ஆய்வாளர்களும் கண்காணிப்பாளர்களும் இருக்கிறீர்கள். அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதப் பட்டியலில் உங்கள் நிலையத்தில் பிறந்தநாள் வருகிற இருவர் பெயருக்கு நேரே மருத்துவப் பரிசோதனை என்று எழுதி, உங்கள் பெயரையும் அதில் சேர்த்து, நீங்கள் முதலில் போய் வாருங்கள். மருத்துவ மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காக்கிச் சட்டை புறநோயாளிப் பிரிவுக்குள் நுழைந்தால் அவரை வரிசையில் காக்க வைக்காதீர்கள். அவருக்குக் கிடைத்திருப்பது அரை மணி நேரம். இங்கே வந்திருக்கும் காவலர் குடும்பத்துப் பெண்மணிகளே, வீட்டில் குறட்டை கேட்டால், நடந்தால் மூச்சு வாங்கினால், நெஞ்சு பிசைகிறது என்று சொன்னால், ‘டூட்டி முடியட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெஞ்சுவலிக்கு ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் முதலுதவி மாத்திரைகள் இருக்கின்றன. உடனே அழைத்துப் போங்கள்.

ஊரின் உயிருக்குக் காவல் நிற்பவரின் உயிர் அந்த ஊரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டோமா என்பதை அடுத்த மாதத்து டூட்டி அட்டவணை சொல்லட்டும்.